வழுக்கும் ஓடுபாதையில் சிறு விமானம்

பனிக்கட்டி உறைந்த ஓடுபாதையிற் சிறு விமானத்தைப் பத்திரமாக இறக்குவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள் என்றதும், படுவான்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்போருட் சிலர் தமக்குள் நகைக்கக்கூடும். கொக்கட்டிச்சோலைக்கும் பனிக்கட்டிக்கும் என்ன உறவு? தான்தோன்றீசுவரர் ஆலயத் தேர்த் திருவிழாக் காலத்திற் சர்பத்துக் கடைக்காரர் உடைத்துப் போடும் ஐஸ் கட்டியன்றி வேறு பனிக்கட்டி அவ்வூருக்கு வந்ததில்லை. நியாயமான கேள்விதான். ஆயினும், விமானப் போக்குவரத்துக்கென உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோலைச் சற்றே பார்த்தால், இக்கேள்விக்கு எதிர்பாராத விடையொன்று கிடைக்கும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஓடுபாதைகளின் வழுக்குந்தன்மையை அறிவிப்பதற்கு ஒரே விதமான முறையொன்றை வகுத்தது. அது 2021 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் 6 முதல் 0 வரை ஏழு எண்கள் உள்ளன. நன்கு உலர்ந்த பாதைக்கு 6. சாதாரணமாக நனைந்த பாதைக்கு 5. இறுகிய வெண்பனி, குளிரின் கடுமைக்கேற்ப 4 அல்லது 3. பனிக்கட்டிக்கு 1. நீர் படிந்த பனிக்கட்டிக்கு 0. அதாவது அதில் இறங்கவே கூடாது. இடையில் விட்டுவைத்த 2 என்னும் எண் யாருக்கு உரியது? 3 மில்லிமீற்றருக்கு மேலாக நீர் தேங்கி நிற்கும் ஓடுபாதைக்கு உரியது. 3 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ ஒரு நெல்மணியின் அகலம். அவ்வளவு நீர் தேங்கினாலே போதும், பாதை பனிக்கட்டிக்கு ஒரே ஒரு படி மேலே வந்து நின்றுவிடுகிறது. கொக்கட்டிச்சோலையார் பனிக்கட்டியைக் கண்டிராவிட்டாலும், அதன் உடன்பிறப்பைக் கார்த்திகை மார்கழியில் நாடோறும் காண்கின்றனர்.

அவர்களுக்கு அண்மையிலுள்ள விமானத்தளம் திமிலைத்தீவில் இருக்கிறது. மட்டக்களப்பு நகரின் மேற்குப் புறத்தே, வாவியின் நீர் சூழ்ந்த தாழ்ந்த நிலத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான ஓடுபாதை அது. ஐம்பதுகளின் பிற்பகுதியில் அமைக்கப்பெற்ற இத்தளத்தை 1983 இல் விமானப்படை பொறுப்பேற்றது. பின்னர் அது புதுக்கப்பட்டு 2016 இல் உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றும் ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவான் போன்ற சிறு விமானங்களுக்கு ஏற்ற தளம். மட்டக்களப்புப் பிரதேசத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பெரும்பங்கு, ஐப்பசி நடுப்பகுதி தொடங்கித் தை மாதம் வரையான காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வலுத்த நாட்களில் ஒரு மணி நேர மழையில் வயலும் வரம்பும் ஒன்றாகிவிடும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வயலுக்கு அது வேண்டியதே. ஓடுபாதைக்கு?

முதலில், ஓடிவரும் விமானத்தை நிறுத்துவது எது என்பதைப் பார்ப்போம். பிறேக் என்று உடனே விடை வரும். பிறேக் செய்வதெல்லாம் சில்லின் சுழற்சியைத் தடுப்பதொன்றே. நிலத்துக்கும் ரயருக்கும் இடையேயுள்ள உராய்வே விமானத்தை நிறுத்துகிறது. உராய்வு இல்லையெனில் உலகத்திலேயே சிறந்த பிறேக்கும் பயன்படாது. சில்லு நிற்கும், விமானம் ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காலத்து வயல் வரம்பில் நடப்பவர் கால் அகல எட்டிவையாது, பாதத்தை முழுமையாக ஊன்றி, சிறு சிறு அடியாக நடப்பது இதனாலேதான். வழுக்கும்போது காலை இறுக்கினால் மேலும் வழுக்கும் என்பது ஏட்டில் படியாமலே அவர்கள் கற்ற பாடம்.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். கணக்கு என்றவுடன் வானொலிப் பெட்டியை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லாது. சிறு விமானமொன்று 50 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 93 கிலோமீற்றர் வேகத்தில், நிலத்தைத் தொடுகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். உலர்ந்த பாதையில் உராய்வுக் குணகம் 0.4 எனின், பிறேக்கின் உதவியால் அது 84 மீற்றரில் நின்றுவிடும். குணகம் 0.1 ஆகக் குறைந்தால் 337 மீற்றர் வேண்டும். ஈரமான பனிக்கட்டியிற் போல 0.05 ஆகிவிட்டால் 675 மீற்றர் வேண்டும். விமானமும் அதே, விமானியும் அவரே, பிறேக்கும் அதுவே. நிலம் ஒன்றே மாறியது. தூரம் எட்டு மடங்காயிற்று.

இனி வேகத்தைப் பார்ப்போம். ஓடும் பொருளின் இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. முதுகுப்புறமிருந்து 10 நொட் காற்று வீசும்போது இறங்கினால், நிலத்தைத் தொடும் வேகம் 50 அன்று, 60. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஓடவேண்டிய தூரமோ நூற்றுக்கு 44 பங்கு கூடிவிட்டது. அதே காற்றுக்கு முகங்கொடுத்து இறங்கினால் வேகம் 40. தூரம் நூற்றுக்கு 36 பங்கு குறையும். தோணிக்காரர் காற்றுப் பார்த்துத் துறை சேர்வது போல, விமானியும் காற்றுப் பார்த்தே பாதையின் எந்த முனையிலிருந்து இறங்குவதென்று தீர்மானிக்கிறார். உலர்ந்த நாளிற் சிறிதளவு பின்காற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். வழுக்கும் நாளில் அது கடன்மேல் கடன்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது எளிய வினாப் போலத் தோன்றும். நிற்பவரின் பாரத்தால் அது உருகி, நீர்ப்படலம் உண்டாகிறது என்று பழைய பாடநூல்கள் கூறின. அவ்விளக்கம் போதாது. பாரத்தினால் மாத்திரம் உருகும் அளவு மிகவும் சிறிது. உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் அணுத்திரள்கள் உறுதியாகக் கட்டுண்ணாது, திரவம்போல் இளகி நிற்கும் ஒரு மெல்லிய படலம் உண்டு. மைக்கல் பரடே 1850 ஆம் ஆண்டளவிலேயே இதனை ஊகித்தார். உராய்வினால் எழும் வெப்பமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே பூச்சியப் பாகைக்கு அண்மையிலுள்ள பனிக்கட்டியே மிகவும் வழுக்கும். குளிர் கடுமையாகக் கடுமையாக அது காய்ந்து, ஓரளவு பிடிமானம் தரும். அந்தாட்டிக்காவில் இந்தியாவின் மைத்திரி ஆய்வுநிலையத்துக்குச் செல்வோர், அதன் அயலிலுள்ள இரசிய நிலையத்தின் நீலப் பனிக்கட்டி ஓடுபாதையிலேயே இறங்குகின்றனர். நான்கு எஞ்சின் பூண்ட பெரிய இலியூசின் சரக்கு விமானங்கள் சக்கரங்களோடு அங்கு இறங்கி எழுகின்றன. நடுங்கும் குளிரிலுள்ள பனிக்கட்டியைவிட, உருகத் தொடங்கும் பனிக்கட்டியே ஆபத்தானது. குளிர்நாடுகளில் வாழும் நம்மவர் இதனை நடைபாதையில் விழுந்தெழுந்து கற்றிருப்பர்.

பனியும் நீரும் கலந்த சேற்றின் கொடுமையை உலகம் உணர்ந்தது 1958 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆந் திகதி, செருமனியின் மியூனிக் நகரில். மன்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் குழுவினரை ஏற்றிய விமானம், மூன்றாம் முறை எழ முயன்றபோது வேண்டிய வேகத்தை அடையமாட்டாது பாதையின் முடிவைக் கடந்து மோதியது. 23 பேர் மாண்டனர். அது இறங்கிய விமானமன்று, எழுந்த விமானம். எனினும் நம் பொருளுக்கு அது மிகவும் நெருங்கியது. சிறகில் உறைந்திருந்த பனியைத் துடைக்கவில்லை என்று செருமானிய விசாரணை விமானத் தலைவர் ஜேம்ஸ் தெயின் மீது குற்றஞ்சாட்டியது. அம்மனிதர் பத்தாண்டுக் காலம் அப்பழியைச் சுமந்தார். ஓடுபாதையிற் கிடந்த பனிச்சேறு சில்லுகளைப் பற்றியிழுத்ததே காரணம் என்று 1969 இல் பிரித்தானிய விசாரணை அவரை விடுவித்தது. பாதையைப் பற்றிய சரியான செய்தி இல்லாதபோது பழி முழுவதும் விமானியின் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

பனிச்சேற்றையும் நீரையும் பற்றிய பரிசோதனைகள் அதன்பின்னர் பல நாடுகளிற் பெருகின. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் வால்ற்றர் ஹோண் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1963 இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். நீர் தேங்கிய பாதையில் வேகமாகச் செல்லும் ரயர், தன் முன்னே இருக்கும் நீரை இருபுறமும் தள்ளவேண்டும். வேகம் மிகும்போது நீருக்கு விலக நேரம் போதாது. அது ஆப்புப்போல ரயரின் கீழ் நுழைந்து, ரயரை நிலத்திலிருந்து தூக்கிவிடுகிறது. பின்னர் அந்த ரயர் ஓடுபாதையில் ஓடவில்லை. நீரில் மிதந்து செல்கிறது. இதனை நீர்மிதப்பு என்போம். சிறுவர் குளத்திலே ஓட்டுத்துண்டைச் சரித்து எறிந்து, அது தத்தித் தத்திச் செல்லப் பார்த்து மகிழ்வதில்லையா? தத்துவம் ஏறத்தாழ அதுவே.

இந்த நீர்மிதப்பு எந்த வேகத்தில் தொடங்கும்? விமானத்தின் எடையைப் பொறுத்தன்று. ரயரினுள் அடைத்த காற்றின் அழுத்தத்தைப் பொறுத்தது என்பதே ஹோண் கண்ட வியப்பு. ரயரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9 ஆற் பெருக்கினால், நொட் கணக்கில் அவ்வேகம் வரும். பெரிய ஜெற் விமானத்தின் ரயரில் 196 இறாத்தல் அழுத்தம் எனின், வர்க்கமூலம் 14. வேகம் 126 நொட். சிறு விமானத்தின் ரயரில் 36 இறாத்தல் எனின், வர்க்கமூலம் 6. வேகம் 54 நொட். 25 இறாத்தல் எனின் 45 நொட். சிறு விமானம் மெதுவாகத்தானே இறங்குகிறது, அதற்கென்ன அச்சம் என்று எண்ணுவோர் இவ்விடத்தில் நின்று கவனிக்கவேண்டும். அதன் ரயர் மென்மையானது. ஆதலால் மெதுவான வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும். இன்னுமொன்று: இறங்கும் கணத்திற் சில்லு சுழலாமல் இருக்கிறது. சுழலாத சில்லுக்கு 9 என்னும் எண்ணுக்குப் பதிலாக 7.7 என்பதைக் கொள்ளவேண்டும் எனப் பின்னர் கண்டனர். 36 இறாத்தல் ரயருக்கு அது 46 நொட். நிலத்தைத் தொட்டவுடன் பிறேக்கை மிதிக்கும் விமானி, சுழலத் தொடங்காத சில்லைச் சுழலவிடாமலே தடுத்து, மிதப்பைத் தாமே நீடித்துக்கொள்கிறார்.

ஆகவே வழுக்கும் பாதையில் இறங்கும் வித்தை, நிலத்தைத் தொடுவதற்கு வெகுமுன்னரே தொடங்கிவிடுகிறது. இறங்குகோட்டில் வேகம் சரியாக இருக்கவேண்டும். விமானம் மிதக்கும் ஆற்றலை இழக்கும் வேகத்தின் 1.3 மடங்கு என்பது பொதுவான அளவு. பாதுகாப்புக்கு என்று சிலர் அதன்மேற் பத்துப் பதினைந்து நொட் சேர்த்துக்கொள்வர். உலர்ந்த நீண்ட பாதையில் அது மன்னிக்கப்படும். வழுக்கும் பாதையில், சேர்த்த வேகம் முழுவதும் பாதையின் மறுமுனையில் வட்டியோடு அறவிடப்படும். அடுத்தது, தொடும் இடம். பாதையின் தொடக்கத்திற் குறித்த இடத்திலே தொடவேண்டும். கடந்துபோன ஓடுபாதையாற் பயனில்லை.

தொடுவது எப்படி? இங்கே பயணிகளின் மனப்பான்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். விமானம் பூப்போல இறங்கினால் விமானியைப் பாராட்டுகிறோம். சற்றுத் தடாலென்று இறங்கினால் முகஞ்சுளிக்கிறோம். நீர் தேங்கிய பாதையில் பூப்போல இறக்குவது திறமையன்று. அது ரயரை நீர்ப்படலத்தின்மேல் மெல்ல ஏற்றிவைப்பதாகும். சற்று உறுதியாக ஊன்றித் தொட்டால்தான் படலம் கிழிந்து ரயர் நிலத்தைப் பற்றும், சில்லும் விரைந்து சுழலும். மாரிகாலத்தில் மட்டக்களப்பில் இறங்கும்போது இருக்கை சற்றுக் குலுங்கினால், அது பெரும்பாலும் விமானி அறிந்து செய்த காரியமே.

தொட்ட பின்னர் முதலில் உதவுவது காற்று. வேகம் மிகுந்திருக்கும்போது காற்றின் தடை வலிமையானது. பிறேக்கோ அப்போது வலிமையற்றது. ஆகவே சிறு விமானத்தின் விமானி, மூக்குச் சில்லை உடனே விழவிடாமல், விமானத்தின் முன்புறத்தைச் சற்று உயர்த்தியவாறே ஓடவிட்டு, அகன்ற சிறகையே பிறேக்காகப் பயன்படுத்தலாம். காரவான் போன்ற விமானங்களில் உந்துவிசிறியின் இதழ்களைத் திருப்பி, இழுக்கும் விசையைத் தள்ளும் விசையாக மாற்றும் வசதியும் உண்டு. வழுக்கும் பாதையில் அது பெரும்பேறு. ஆயினும் இரு புறமும் ஒத்த பிடிமானம் இல்லாவிடத்து அதனையும் அளந்தே பயன்படுத்தவேண்டும். வேகம் தணிந்தபின் மூக்கை இறக்கிச் சிறகின் மடிப்புத் தகடுகளை உள்ளிழுத்தால், சிறகு தாங்கிய பாரம் சில்லுகளின்மேல் இறங்கும். பாரம் இறங்கினால் உராய்வு கூடும். அதன் பின்னரே பிறேக். அதுவும் விரல் நுனியாற் சூடு பார்ப்பது போல மெல்லத் தொட்டுப் பார்த்து, பிடிக்கிறது என்று உணர்ந்தால் மேலும் அழுத்தி, சறுக்குகிறது என்று உணர்ந்தால் உடனே விட்டு, மீண்டும் தொடவேண்டும். சில்லை முற்றாகப் பூட்டிவிடுதல் எல்லாவற்றிலும் கேடானது. பூட்டிய ரயர் ஈரத்திலே தேயும்போது எழும் வெப்பத்தில் நீர் ஆவியாகி, அந்த ஆவியின்மேலேயே ரயர் சறுக்கும். இவ்வாறு சறுக்கிய தடம் கறுப்பாக இராது. பாதையைக் கழுவித் துடைத்ததுபோல வெண்மையாக இருக்கும். விபத்தை ஆராய்வோர் முதலில் தேடுவது அந்த வெண்தடத்தையே.

பக்கக் காற்று வீசுமாயின் சிக்கல் இரட்டிப்பாகிறது. உலர்ந்த பாதையில் விமானத்தைப் பக்கவாட்டிற் போகவிடாது தடுப்பது ரயரின் பிடிமானமே. பனிக்கட்டியில் அது இல்லை. விமானத்தின் வாற்புறத்தைக் காற்றுத் தள்ள, மூக்குக் காற்றுத் திசையை நோக்கித் திரும்பும். உடலோ பாதையின் ஓரத்தை நோக்கி நழுவும். வாவியில் காற்று மாறி அடிக்கும்போது தோணி ஒரு பக்கம் பார்க்க, தோணி செல்வது மறுபக்கமாக இருப்பதைப் படுவான்கரையார் அறிவர். அங்கே சுக்கான் உதவுவது போல இங்கும் சுக்கான் உண்டு. ஆயினும் விமானத்தின் சுக்கான் காற்றினால் இயங்குவது. வேகமுள்ளவரை அது பேசும். வேகம் தணியத் தணிய ஊமையாகிவிடும். சுக்கான் ஊமையாகி, ரயரும் பிடிக்காத ஓர் இடைவேளை வழுக்கும் பாதையில் உண்டு. கைதேர்ந்த விமானிகள் அஞ்சுவது அந்த இடைவேளைக்கே. உலர்ந்த நாளில் ஒரு விமானம் தாங்கும் பக்கக் காற்றின் அளவை, வழுக்கும் நாளிற் பாதியாகவோ அதற்குங் குறைவாகவோ கொள்வது அதனாலேதான்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்களே தவறும் சந்தர்ப்பங்களும் உள. 2020 ஆம் ஆண்டு ஓகத்து 7 ஆந் திகதி இரவு, துபாயிலிருந்து 190 பேரோடு வந்த எயர் இந்தியா எக்ஸ்பிறெஸ் விமானம் கேரளத்தின் கோழிக்கோட்டிற் பெருமழையில் இறங்கியது. அது சிறு விமானமன்று, போயிங் 737. ஆயின் நாம் இதுவரை கூறிய காரணங்கள் அங்கே ஒன்றாகக் கூடின. பாதை நனைந்திருந்தது. காற்று முதுகுப்புறமிருந்து வீசியது. முதன்முறை இறங்க முயன்று மேலெழுந்த விமானம், இரண்டாம் முறை மறுமுனையிலிருந்து வந்து, ஏறத்தாழப் பாதையின் நடுவிலேதான் நிலத்தைத் தொட்டது. குன்றின் தலையை வெட்டிச் சமன்செய்த ஓடுபாதை ஆதலால், முடிவுக்கு அப்பால் பள்ளம். விமானிகள் இருவரும் பயணிகள் 19 பேருமாக 21 உயிர்கள் போயின. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 2005 ஓகத்து 2 இல், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறொன்ரோ நகரிலும் இடிமழையில் இறங்கிய எயர் பிரான்ஸ் விமானமொன்று பாதையைக் கடந்து ஓடை நோக்கிச் சரிந்து தீப்பற்றியது. அதிலிருந்த 309 பேரும் உயிர் தப்பினர். இரு விபத்துகளிலும், மீண்டும் மேலெழுந்து செல்லும் வாய்ப்பு ஒரு கணத்தில் இருந்தது.

மேலெழுந்து செல்வது தோல்வியன்று என்பதை விமானிகளுக்குப் பயிற்சியிலேயே ஊட்டுகின்றனர். பயணிகளுக்கு ஊட்டுவார் யார்? மட்டக்களப்புக்கு வந்த விமானம் அரை வட்டமடித்துத் திருகோணமலைச் சீனக்குடாவுக்கோ இரத்மலானைக்கோ திரும்பிவிட்டால், கலியாணவீடு தவறியது, வழக்குத் தவறியது என்று முணுமுணுப்பு எழுவது இயல்பே. சிறு விமானத்தில் விமானிக்கும் பயணிக்கும் இடையே சுவரில்லை. முணுமுணுப்பு அவர் காதில் விழும். ஒருநாளல்ல ஒருநாள் அது அவர் கையையும் அசைக்கும். முன்னர் மண்முனைத் துறையில் ஓடம் ஓடிய காலத்தில், 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை, காற்றும் வெள்ளமும் மிஞ்சிய நாளில் ஓடக்காரர் ஓடத்தை அவிழ்க்க மறுத்தால், கரையில் நின்றவர்கள் திட்டிக்கொண்டேனும் காத்திருந்தனர். விமானத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும் என்பது என் கருத்து.

உண்மையான பனிக்கட்டிப் பாதையிற் சிறு விமானங்கள் நாடோறும் இறங்கும் நாடுகள் எவ்வாறு சமாளிக்கின்றன? நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணம் இதற்கு உகந்த உதாரணம். எண்பதுகளில் இலங்கைத் தமிழர் பலர் அங்குள்ள மீன்பிடி ஊர்களுக்குச் சென்று, மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். அவ்வூர்களை இணைப்பவை, கடலோரத்திலும் மலைச்சரிவிலும் அமைந்த, 800 மீற்றர் அளவேயுள்ள ஓடுபாதைகள். திமிலைத்தீவுப் பாதையின் ஏறத்தாழப் பாதி நீளம்! எழுபதுகள் தொடங்கி இரட்டை எஞ்சின் பூண்ட ருவின் ஒட்டர் விமானங்களும், பின்னர் அவற்றிலும் பெரியவையும், மாரிகால இருளில், பனிக்கட்டியின்மேல் அங்கே இறங்கி வந்துள்ளன. விமானியின் திறமை பாதி. நிலத்திலிருப்போரின் உழைப்பு பாதி. முதலிற் பனியை வாரித் தள்ளுவர். எஞ்சிய பனிக்கட்டியில் மணல் தூவுவர். வெறும் மணலை விமானக் காற்றுத் தூக்கி எறிந்துவிடும் என்பதால், கொதிநிலையை நெருங்கிய வெந்நீரில் மணலைக் கலந்து தூவும் முறையொன்றை நோர்வேயர் கையாளுகின்றனர். வெந்நீர் பனிக்கட்டியின் மேற்பரப்பைச் சற்று உருக்கி, உடனே மணலோடு சேர்ந்து மீண்டும் உறைகிறது. பாதை முழுவதும் உப்புத்தாள் ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. எளிய யோசனை, ஆனால் நான் அறிந்தவற்றுள் அழகான யோசனை.

வீதிகளிற்போல் உப்பை ஏன் தூவக்கூடாது? உப்பு அலுமினிய உடலை அரித்துவிடும். அதற்குப் பதிலாக நெடுங்காலம் தூவப்பட்ட பொருள் நம் உழவர்களுக்குப் புதியதன்று: யூரியா! கொக்கட்டிச்சோலை வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போகும் அதே யூரியாவே உறைநிலையைத் தாழ்த்திப் பனிக்கட்டியை இளக்கப் பயன்பட்டது. கடுங்குளிரில் அதற்கு வலிமை போதாது. மழையோடு அது ஓடைகளிற் சேர்ந்து, அமோனியாவாகி மீன்களுக்கு ஊறுசெய்ததால், பல நாடுகள் அதனைக் கைவிட்டு, பொற்றாசியம் சேர்ந்த அசற்றேற்று, போமேற்று உப்புகளுக்கு மாறின.

நீருக்கு மருந்து வேறு. பாதையின் நடுவை உயர்த்தி இரு புறமும் சரிவாக அமைத்தல், தேய்ந்தொட்டிய றப்பர்ப் படிவை அவ்வப்போது அகற்றுதல், பாதையின் குறுக்கே நெருக்கமான கோடுகள் வெட்டுதல் என்பன அவை. அமெரிக்க முறைப்படி அக்கோடுகள் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலமும் அதேயளவு ஆழமும், 38 மில்லிமீற்றர் இடைவெளியும் உடையன. வயலுக்கு வடிவாய்க்கால் வெட்டும் வேலைதான், அளவு மாத்திரம் சிறிது. நீருக்குப் போக வழி கிடைத்தால் அது ரயரின் கீழ் ஆப்பாக நுழையாது.

கண் செய்யும் வஞ்சனையையும் இங்கே சொல்லவேண்டும். வெண்பனி மூடிய நிலமும் வெண்முகில் மூடிய வானமும் ஒன்றாகும்போது, நிழலில்லை, அடிவானமில்லை. நிலம் பத்தடி கீழா நூறடி கீழா என்று விமானிக்குத் தெரியாது. இதற்கு நிகரான காட்சியைக் காண வடதுருவம் போகவேண்டாம். காற்றடங்கிய காலையில் மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். கண்ணாடிபோற் கிடக்கும் அந்த நீரில் முகிலும் தென்னையும் தலைகீழாகத் தெரியும்; நீர்ப்பரப்பு எங்கே என்று கண் சொல்லாது. நீரில் இறங்கும் விமானங்களை ஓட்டுவோர் அலையெழுந்த நீரைவிட இத்தகைய அமைதியான நீருக்கே அதிகம் அஞ்சுவர். அவர்கள் செய்வது, கரையோரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 அடி என்ற மெதுவான ஒரே இறக்கத்தில் விமானத்தை வைத்து, நீர் தானாக வந்து தொடும்வரை காத்திருத்தல். பனிவெளியில் இறங்குவோரும் அதே முறையையே கைக்கொள்கின்றனர். கரைக்குப் பதிலாகப் பாதையோர விளக்குகளையும் கொடிகளையும் பற்றிக்கொள்வர்.

இனி, தொடக்கத்தில் கூறிய எண்களுக்கே வருவோம். விமானத்தளத்தில் உள்ளவர் ஓடுபாதையைச் சுற்றிவந்து, அதனை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன கிடக்கிறது, எவ்வளவு ஆழம், எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று பார்த்து, மூன்று எண்களை அறிவிக்கின்றார். இறங்கிய விமானி தம் அனுபவத்தைச் சொல்லவேண்டும். பிறேக் நன்றாகப் பிடித்ததா, நடுத்தரமா, மோசமா என்று. பாதை அறிவித்ததைவிட மோசம் என்று அவர் சொன்னால் எண் குறைக்கப்படும். தமக்குப் பின்னால் வருவோருக்காகச் சொல்லும் சொல் அது.

கட்டுப்பாட்டுக் கோபுரம் 5, 5, 2 என்று அறிவிக்கிறது எனக் கொள்வோம். இறங்கிவரும் திசையில் முதல் இரு பங்குகளும் நனைந்துள்ளன. இறுதிப் பங்கில் நீர் தேங்கியிருக்கிறது. மூன்றில் இரண்டு நன்று என்று திருப்திப்படுபவர் நல்ல விமானியல்லர். விமானம் தொடக்கத்திலே தொட்டு, நடுப்பங்கிலே வேகத்தை இழந்துவிட்டால், அந்த 2 அவரைத் தீண்டாது. ஏதோ காரணத்தால் தொடுவது தாமதித்துவிட்டால், பிறேக் மிக வேண்டிய இடத்திலேதான் பிறேக் இராது. ஆகவே இந்த இடத்துக்குள் தொடாவிட்டால் மேலெழுவேன் என்று, பாதையோரத்தின் ஓர் அடையாளத்தை அவர் முன்கூட்டியே குறித்துக்கொள்கிறார். அந்த அடையாளம் சில்லின் கீழே கடந்துபோயிற்றெனின், பின்னால் இருப்பவர்கள் என்ன சொன்னாலும், அவர் கை எஞ்சினின் விசைக்கோலை முன்னே தள்ளும்.